ஆறும் நூறும்

(ஓசூரில் தொடக்கப்பள்ளி ஆசிரியர்களும் பெற்றோரும் கூடிய ஒரு ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



நேற்று மாலை வந்து இறங்கியதும் ஒரு நண்பர் என்னை ரோஜா கட்டும் கொட்டகை ஒன்றுக்கு அழைத்துப் போனார். நீளமான மேசை, இரண்டு பக்கமும் பெண்கள். தண்டை ஒரே அளவாக நறுக்கி, மொட்டுகளை அட்டையில் சுற்றி, இருபது இருபதாகக் கட்டுகிறார்கள். ஓர் அம்மா உதடு மட்டும் அசைய எண்ணிக்கொண்டிருந்தார். கிட்டப் போய்க் காது கொடுத்தால் தெலுங்கு: ஒகடி, ரெண்டு, மூடு. அடுத்திருந்த பெண் தமிழில் எண்ணினாள். அத்திப்பள்ளிப் பக்கத்திலிருந்து வந்த ஓட்டுநர் கட்டுகளை வண்டியில் ஏற்றும்போது ஒந்து, எரடு, மூரு என்று கன்னடத்தில் சரிபார்த்தார். ஒரே பூ மூன்று மொழியில் எண்ணப்பட்டு எல்லை தாண்டுகிறது. கணக்கு பிசகவே இல்லை.

நான் கணக்கு வாத்தியார். பணி ஓய்வு பெற்றுவிட்டேன், காது ஓய்வு பெறவில்லை. இந்த மூன்று பேரும் எந்த எண்ணில் வந்து சந்திக்கிறார்கள் என்று கவனித்துக்கொண்டே நின்றேன். ரெண்டில் தமிழும் தெலுங்கும் சேர்கின்றன, கன்னடம் எரடு என்று விலகுகிறது. ஐந்தில் அவர்கள் இருவரும் ஐது என்று கூட்டுச் சேர, நாம் அஞ்சு என்று தனியே நிற்கிறோம். ஏழு, ஏளு, ஏடு என்று ஏழு மூன்றாக உடைகிறது. ஆறில் மட்டும் மூன்று வாயும் ஒரே வாய். ஆறு, ஆறு, ஆறு. மறுபடி பிரிந்து போய், வெகுதூரம் கழித்து நூறில் சேர்கின்றன.

ஆறிலும் சாவு நூறிலும் சாவு என்பார்கள். சாவுக்காகப் பழமொழி ஜோடி சேர்த்த இரண்டு எண்களையும் இந்த எல்லைச் சீமை பிழைப்புக்காகச் சேர்த்து வைத்திருக்கிறது. ராத்திரி அறையில் உட்கார்ந்து இதை ஒரு பிள்ளைப் பாட்டாகக் கட்டிப் பார்த்தேன். நான் கவிஞன் இல்லை, பொறுத்துக்கொள்ளுங்கள்.

பாட்டி சொன்னாள் மூடு என்று,
பாப்பா கதவை மூடினாள்!
மூணு முட்டை கேட்டேன் என்று
பாட்டி சிரித்துப் பாடினாள்.

எண்டு என்றால் எட்டு தான்,
ஏடு என்றால் ஏழு தான்,
ஆறு மட்டும் எங்கும் ஆறு,
ஆளுக்கு ஆள் மாறாது!
நூறு கூட அப்படித்தான்,
ஊருக்கு ஊர் மாறாது!

இங்கே சிலர் சிரித்தீர்கள். மதுரையில் இதைப் பாடினால் அடிக்குறிப்பு போட வேண்டும். இங்கே வேண்டாம். மூடு என்றால் மூன்று என்று தெரிந்த பாட்டி உங்கள் தெருவில் எங்கோ இருக்கிறார். எண்களைப் பற்றிய குழந்தைப் பாடல்களைப் பேச என்னை அழைத்தபோது, இதை ஓசூரில் பேசுவதுதான் பொருத்தம் என்று எனக்குத் தோன்றியதற்கு இதுவே காரணம்.

என் குறை ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன். நம்மிடம் எண்ணுப் பாட்டுக்குப் பஞ்சமே இல்லை. கடையில் கிடைக்கும் படப் புத்தகங்களில் பாதி எண்ணுப் பாட்டுதான். பெரும்பாலும் ஒரே அச்சு. ஒன்றுக்கு ஒரு பொருள், இரண்டுக்கு ஒரு பொருள் என்று பத்து வரை ஏறி, பத்தில் நின்றுவிடும். மூன்று வயதுக்கு அது சரி. எண்களின் பெயரும் வரிசையும் நாவில் படிய வேண்டும், அதற்குப் பாட்டைவிட நல்ல வழி கிடையாது. ஆனால் ஏழு வயதுப் பிள்ளைக்கும் அதையே கொடுக்கிறோம். அந்தப் பாட்டில் எண் ஒரு வேலையும் செய்வதில்லை. வருகைப் பதிவேட்டில் பெயர் கூப்பிட்டதும் "உள்ளேன் ஐயா" சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுகிறது. கூடுவதில்லை, ஒளிவதில்லை, ஏமாற்றுவதில்லை. எண்ணின் பெயரைப் பாடுகிறோமே தவிர எண்ணோடு விளையாடுவதில்லை.

விளையாட்டு நம் மொழியில் இல்லாமல் இல்லை. திருவெழுகூற்றிருக்கை என்று ஒரு செய்யுள் வகை உண்டு. 7-ஆம் நூற்றாண்டில் திருஞானசம்பந்தர் பாடியிருக்கிறார், திருமங்கையாழ்வார் குடந்தைப் பெருமாள் மீது பாடியிருக்கிறார், பிற்காலத்தில் அருணகிரிநாதர் சுவாமிமலையில் பாடியிருக்கிறார். தேர் வடிவத்தில் எழுதி வைக்கிற பாட்டு அது. பக்தியை ஒரு நிமிடம் தள்ளி வைத்து எண்ணை மட்டும் பாருங்கள். ஒன்று, இரண்டு, ஒன்று என்று ஏறி இறங்கும். அடுத்த அடுக்கில் ஒன்று, இரண்டு, மூன்று, இரண்டு, ஒன்று. இப்படி அடுக்கடுக்காக ஏழு வரை ஏறி ஒன்றுக்கு இறங்கும். எண்கள் வெறுமனே வராமல், அந்தந்த எண்ணுக்குரிய பொருளோடு, சொல்லோடு சொல்லாகக் கலந்து வரும்.

இதைக் கணக்கு நோட்டில் எழுதிப் பாருங்கள். 11-ஐ 11-ஆல் பெருக்கினால் 121. 111-ஐ 111-ஆல் பெருக்கினால் 12321. 1111-ஐ அதே எண்ணால் பெருக்கினால் 1234321. ஏழு ஒன்றுகளை வரிசையாக எழுதி அதையே அதால் பெருக்குங்கள்: 1234567654321. சம்பந்தர் தேரின் மிகப் பெரிய அடுக்கு அப்படியே வந்து நிற்கிறது. அவர் பெருக்கிப் பார்த்துப் பாடினார் என்று நான் சொல்ல வரவில்லை, தயவுசெய்து யாரும் வாட்ஸப்பில் போட்டுவிடாதீர்கள். வடிவத்தின் அழகு கவிஞனையும் கணக்கனையும் ஒரே இடத்துக்கு இழுக்கிறது, அவ்வளவுதான்.

கணக்கன் யார் என்று கேட்கிறீர்களா? எல்லைக்கு அந்தப் பக்கத்து ஆள். ராஷ்டிரகூட மன்னன் அமோகவர்ஷன் காலத்தில், சுமார் 850-இல், மகாவீரர் என்ற சமணக் கணித அறிஞர் கணித சார சங்கிரகம் என்ற நூலை வடமொழிச் செய்யுளில் செய்தார். பெருக்கலைப் பற்றிப் பேசும் இடத்தில் விடைகள் மாலை போல வரும் கணக்குகளாகக் கோத்து வைத்திருக்கிறார். அதில் ஓர் எண்ணை, ஒன்றில் தொடங்கி ஆறு வரை ஏறி அதே வரிசையில் இறங்குவது என்று வருணிக்கிறார். 12345654321. ஆறு ஒன்றுகளின் வர்க்கம்! இந்தப் பக்கம் ஏழு அடுக்கில் ஒரு பாட்டு, அந்தப் பக்கம் ஆறு அடுக்கில் ஒரு கணக்கு. இடையில் இரண்டு நூற்றாண்டு. அந்த நூலைத் தெலுங்குச் செய்யுளாக்கியவர் பாவுலூரி மல்லனா, 11-ஆம் நூற்றாண்டுக்காரர் என்று சொல்வார்கள். கன்னடத்தில் 12-ஆம் நூற்றாண்டில் ராஜாதித்யர் வியவகார கணிதம் எழுதினார். தமிழில் கொறுக்கையூர் காரி நாயனாரின் கணக்கதிகாரம். ஆக, இந்த ஊர்ச் சந்தையில் பேசப்படும் மூன்று மொழிகளிலும் கணக்கைச் செய்யுளில் சொன்னவர்கள் இருந்திருக்கிறார்கள். மூன்று பேரும் ஒரே காரியத்தைச் செய்ததற்குக் காரணம் எளிது. ஓலை விலை கூடியது, மனசு சும்மா கிடைப்பது. பாட்டாக இருந்தால் மனசில் நிற்கும்.

இந்தத் தேரைப் பிள்ளைகளிடம் கொண்டுபோனால் ஒரு கேள்வி தானாக வரும். ஒன்றுகளைச் சேர்த்துக்கொண்டே போனால் எது வரை ஏறும்? ஒன்பது ஒன்றுகள் வரை தேர் நேராக ஓடும், 12345678987654321. பத்தாவது ஒன்றைச் சேர்த்ததும் குடை சாய்ந்துவிடும். ஏன் என்று நீங்கள் சொல்லாதீர்கள். பெருக்கிப் பார்த்து, மீதி எங்கே போய் இடிக்கிறது என்று அவர்களே கண்டுபிடிக்கட்டும்.

கணக்கதிகாரத்தில் எனக்குப் பிடித்தது பலாப்பழம். பழத்தை அறுக்காமலே உள்ளே எத்தனை சுளை என்று சொல்ல வழி சொல்கிறார் காரி நாயனார். காம்பைச் சுற்றியுள்ள சிறு முட்களை எண்ணி, ஆறால் பெருக்கி, ஐந்தால் வகுக்க வேண்டும். நூறு முள் இருந்தால் நூற்றிருபது சுளை. ஒரு வருடம் வகுப்புக்கு ஒரு பழத்தைத் தூக்கிக்கொண்டு போனேன். கையில் விளக்கெண்ணெய் தடவிக்கொண்டு முள் எண்ணியதில் ஆளுக்கொரு எண் வந்தது. எது காம்பருகே, எது தள்ளி என்று சண்டை. கடைசியில் அறுத்து எண்ணினால் ஒருவர் கணக்கும் ஒத்துவரவில்லை. எனக்கு முகம் தொங்கிப்போயிற்று. பிள்ளைகளுக்கோ கொண்டாட்டம். புத்தகத்தில் போட்டது தப்பாகப் போகிறதை அன்றைக்குத்தான் அவர்கள் முதன்முதலாகக் கண்ணால் பார்த்தார்கள். "சார், இன்னொரு பழம் கொண்டுவாங்க, ஒரு பழத்தை வச்சு எப்படிச் சொல்றது" என்றாள் ஒருத்தி. அவள் பழத்துக்காகக் கேட்டாளா, புள்ளியியலுக்காகக் கேட்டாளா என்று இன்று வரை எனக்குச் சந்தேகம்தான்.

போதையனார் பெயரில் உலவும் ஒரு செய்யுளும் உண்டு. செங்கோண முக்கோணத்தின் கர்ணத்தை வர்க்கமூலம் இல்லாமல் கண்டுபிடிக்கச் சொல்கிறது. நீண்ட பக்கத்தை எட்டுக் கூறாக்கி ஒரு கூறைத் தள்ளு, அதோடு குட்டைப் பக்கத்தில் பாதியைச் சேர். 4, 3 என்றால் மூன்றரையும் ஒன்றரையும் சேர்ந்து 5. 12, 5 என்றால் பத்தரையும் இரண்டரையும் சேர்ந்து 13. அடடா என்றிருக்கும். 15, 8 என்று போடுங்கள். வர வேண்டியது 17, வருவது பதினேழே அரைக்கால். கொத்தனாருக்கு அது போதும், லேத்தில் நிற்பவருக்குப் போதாது. தமிழர் பெருமை என்று இதை மேடையில் முழங்குபவர்கள் 15, 8-ஐத் தொடுவதே இல்லை. நான் ஆசிரியராக இருந்தால் அங்கேதான் தொடங்குவேன். எங்கே சரியாக வருகிறது, எங்கே நழுவுகிறது, எவ்வளவு நழுவினால் பரவாயில்லை? உங்கள் ஊர்க் கம்பெனிகளில் டாலரன்ஸ் என்று ஒரு சொல் நாளெல்லாம் புழங்குகிறதே, அந்தப் பாடம் இந்தச் செய்யுளுக்குள் இருக்கிறது.

இப்போது அரைக்கால் என்றேன். எத்தனை பேருக்கு உடனே பிடிபட்டது? எட்டில் ஒன்று. திண்ணைப் பள்ளியில் எண்சுவடியைப் பிள்ளைகள் கூட்டமாக ராகம் போட்டு முறை சொல்வார்கள். முந்திரி என்றால் முந்நூற்றிருபதில் ஒன்று, காணி எண்பதில் ஒன்று, மாகாணி பதினாறில் ஒன்று, மா இருபதில் ஒன்று. பின்னத்துக்குப் பெயர் இருந்தது, பெயருக்கு ஓசை இருந்தது. 1957 ஏப்ரலில் தசம நாணயம் வந்தது, தொடர்ந்து மெட்ரிக் அளவைகள் வந்தன. அணா போனது, வீசை போனது, படியும் மரக்காலும் பரணுக்குப் போயின. அளக்க ஆள் இல்லாத பின்னத்தைப் பாட யார் இருப்பார்கள்? அதற்காக நான் ஒப்பாரி வைக்கவில்லை. தசமம் வசதியானது. ஆனால் பின்னம் இருந்தபோது என்ன விளையாட்டு நடந்தது தெரியுமா? காளமேகப் புலவர் காஞ்சி ஏகாம்பரநாதரை வணங்கச் சொல்லி ஒரு வெண்பா பாடினார். முக்காலில் தொடங்கி அரை, கால், அரைக்கால் என்று பின்னங்கள் ஒவ்வொன்றாக இறங்கி வரும். மேலோட்டமாகக் கேட்டால் வாய்பாடு. உற்றுக் கேட்டால் முக்கால் என்பது கிழவன் கைத்தடியோடு நடக்கும் மூன்று கால், அரை என்பது நரை, இருமா என்பது இருமல், மாகாணி என்பது சுடுகாடு. ஒருமா என்பது காஞ்சியின் ஒற்றை மாமரம். வாழ்க்கை தேய்வதைத் தேயும் பின்னத்தில் சொல்லியிருக்கிறார் மனிதர்.

கிருஷ்ணகிரிப் பிள்ளையிடம் மா என்று சொன்னால் தோப்பைத்தான் காட்டுவான். மாங்கனிக் கண்காட்சி நடத்துகிற ஊர், அவன் மேல் தப்பில்லை. ஆனால் நேற்றுக் கொட்டகையில் நின்றபோது எனக்குப் பளிச்சென்று பட்டது. கட்டுக்கு இருபது பூ. அப்படியானால் ஒரு பூ என்பது ஒரு மா!

இருபது ரோஜா ஒரு கட்டு,
ஒன்றை உருவினால் ஒரு மா;
ஐந்தை உருவினால் கால் கட்டு,
அடுத்ததை உருவினால், சும்மா
விடுவாளா எங்கள் அம்மா?

இதில் பாடம் இருக்கிறது, ஆனால் பாடம் போலத் தெரியாது என்று நம்புகிறேன். உங்களில் யாராவது இதைவிட நன்றாகக் கட்டுவீர்கள்.

வாய்பாடு என்ற சொல்லில் இருக்கும் பாடு, பாட்டு என்ற பாடு அல்ல. இலக்கணம் தெரிந்தவர்கள் என்னை அடிக்க வருவதற்குள் சொல்லிவிடுகிறேன். ஆனால் பிள்ளைகளின் காதில் வாயால் பாடு என்றுதான் விழுகிறது, நல்லதுதான். ஒன்பதாம் வாய்பாட்டைக் கண்டு பயப்படாத பிள்ளை இல்லை. அதற்கு நான் வகுப்பில் பயன்படுத்தியது இது:

ஒன்பதுக்கு ஒரு குணம்,
ஒளிந்து கொள்ளத் தெரியாது!
பதினெட்டிலே ஒன்று, எட்டு,
கூட்டிப் பார்த்தால் ஒன்பது.
இருபத்தேழில் இரண்டு, ஏழு,
கூட்டிப் பார்த்தால் ஒன்பது.
எங்கே போய் ஒளிந்தாலும்
எட்டிப் பார்க்கும் ஒன்பது!

இதைக் கேட்ட பிறகு ஒரு பையன் கேட்டான்: "சார், இருபது, முப்பது, எண்பது எல்லாம் பதுன்னு முடியுது. ஒன்பதுக்கு மட்டும் ஏன் ஒன்பதுபது இல்லாம தொண்ணூறு?" எட்டு வயது. இந்தக் கேள்வியைத் தொல்காப்பியம் ஒரு சூத்திரம் போட்டுக் கையாள்கிறது. ஒன்பதுக்குத் தொண்டு என்று ஒரு பழைய பெயர் இருந்தது, பரிபாடலில் வருகிறது. நாம் அதைத் தொலைத்துவிட்டோம். உங்கள் பக்கத்து வீட்டுத் தெலுங்குப் பாட்டி ஒன்பதைத் தொம்மிதி என்கிறாரே, அந்தத் தொ-வில் அது இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. கன்னடத்தில் ஒன்பது ஒம்பத்து, தொண்ணூறு தொம்பத்து. சென்னைப் பிள்ளைக்கு மொழியியல் புத்தகம் வேண்டும். ஓசூர்ப் பிள்ளை தெருவில் இறங்கினால் போதும்.

இன்றைக்கு இந்த ஊர்த் தெருவில் ஒடியாவும் இந்தியும் வங்காளமும் கேட்கின்றன. அவற்றைப் பேசுகிறவர்களின் பிள்ளைகள் பள்ளிக்கு உங்களிடம்தான் வருகிறார்கள். தமிழ் தெரியாதே, என்ன செய்வது என்று பலர் என்னிடம் வருத்தப்பட்டிருக்கிறீர்கள். எண்ணில் தொடங்குங்கள். ஒரு கூடைப் புளியங்கொட்டையை நடுவில் வைத்து, ஆளுக்கு ஆள் தன் வீட்டு மொழியில் பத்து வரை எண்ணச் சொல்லுங்கள். பல்லாங்குழிப் பலகையைக் கொண்டுவாருங்கள். நமக்குப் பல்லாங்குழி, கன்னடக்காரருக்கு அளிகுளி மனெ, தெலுங்கருக்கு வாமன குண்டலு. பதினான்கு குழி எல்லாருக்கும் பதினான்குதான். இந்திப் பிள்ளை தன் மொழியில் நூறு வரை எண்ணட்டும், நீங்கள் கூடவே சொல்லிப் பாருங்கள். நமக்கு இருபத்தொன்று, முப்பத்தொன்று என்று தண்டவாளத்தில் ஓடும், அவனுக்கு ஒவ்வொன்றும் தனி மேடு. அத்தனையையும் அவன் நாக்கில் வைத்திருக்கிறான் என்று தெரிந்தால் வகுப்பே அவனை வேறு கண்ணால் பார்க்கும்.

2022-இல் அரசு எண்ணும் எழுத்தும் திட்டத்தை ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரை கொண்டுவந்தபோது பாட்டும் ஆட்டமும் வகுப்புக்குள் அதிகாரபூர்வமாக நுழைந்தன. அதற்கு முன்பு வகுப்பில் சத்தம் கேட்டால் தலைமை ஆசிரியர் எட்டிப் பார்ப்பார். இப்போது சத்தம் கேட்காவிட்டால் எட்டிப் பார்க்கிறார். முன்னேற்றம்தான். வருகிற பாட்டு எல்லாம் தேறுமா என்பது வேறு கதை. ஒன்று மட்டும் சொல்வேன். விடையைத் தானே சொல்லி முடிக்கிற பாட்டைத் தள்ளுங்கள். கேள்வியை விட்டுவிட்டுப் போகிற பாட்டை எடுங்கள். அதனால்தான் எனக்குப் பாட்டைவிட விடுகதைப் பாட்டு மேல்.

குழந்தைக் கவிஞர் அழ. வள்ளியப்பா இந்தியன் வங்கியில் வேலை பார்த்தவர் என்பதை அடிக்கடி நினைத்துக்கொள்வேன். பகலெல்லாம் பற்று வரவு. அந்த மனிதர்தான் 1950-இல் குழந்தை எழுத்தாளர் சங்கத்தைத் தொடங்கி, மற்றவர்களையும் பிள்ளைகளுக்காக எழுத வைத்தார். எண்ணோடு புழங்குகிறவர் பாட்டெழுதலாம் என்பதற்கு வேறு அத்தாட்சி வேண்டாம். இன்னொருவர் உங்கள் ஊர்க்காரர். பக்கத்துத் தொரப்பள்ளியில் 1878-இல் பிறந்து ஓசூரில் பள்ளி படித்த ராஜாஜி, 1916-இல் சேலத்தில் நண்பரோடு சேர்ந்து தமிழில் அறிவியல் சொற்களை உண்டாக்க ஒரு பத்திரிகையே நடத்தினார், பிறகு வேதியியலைத் திண்ணைக்குக் கொண்டுவந்து திண்ணை ரசாயனம் எழுதினார். அவருடைய அரசியலோடும் கல்வித் திட்டத்தோடும் எனக்குத் தீராத சண்டை உண்டு. திண்ணைக்கு அறிவியலைக் கொண்டுவந்த காரியத்தோடு இல்லை.

இந்த ஊர்த் திண்ணை இப்போது எது? சிப்காட் தொழிற்பேட்டைதான். 1980-இல் இங்கிருந்து டிவிஎஸ் 50 ஓடத் தொடங்கியது. ஐம்பது என்ற எண்ணைத் தமிழ்நாட்டின் மூலைமுடுக்கெல்லாம் கொண்டுபோய்ச் சேர்த்தது எந்த வாய்பாடும் இல்லை, அந்த வண்டிதான். டைட்டன் இங்கே கடிகாரம் செய்கிறது. கடிகாரத்தைப் போல ஒரு விடுகதைக்காரன் உண்டா?

பத்தோடு நாலைக் கூட்டினேன்,
பதினாலு வரவில்லை;
ரெண்டு என்றது, ஆனால் அது
பொய்யும் சொல்லவில்லை!

பத்து மணிக்கு மேல் நாலு மணி நேரம் போனால் ரெண்டு மணி. கணிதத்தில் இதற்குப் பெரிய பெயர் இருக்கிறது, கல்லூரியில் சொல்லித்தருவார்கள். ஏழு வயதில் சுவரைப் பார்த்தால் தெரியும். கியர் பட்டறையில் இருப்பவர்களுக்கு இது:

எனக்குப் பல்லு பன்னிரண்டு,
உனக்குப் பல்லு எட்டு;
பொட்டு வைத்த ரெண்டு பல்லும்
மறுபடி எப்போ முட்டும்?

இரண்டு பல்சக்கரங்கள். முட்டிக்கொண்டிருக்கும் பல்லில் சாக்பீஸால் ஆளுக்கொரு பொட்டு. சுற்றினால் இருபத்துநாலாவது பல்லில் பொட்டும் பொட்டும் திரும்பச் சந்திக்கும். பெரியது இரண்டு சுற்று, சின்னது மூன்று சுற்று. மீச்சிறு பொது மடங்கு என்று கரும்பலகையில் எழுதினால் பிள்ளை கொட்டாவி விடுகிறது. பட்டறை வைத்திருக்கும் அப்பாவிடம் ரெண்டு பழைய கியரை வாங்கிவரச் சொல்லுங்கள்.

இந்த மீச்சிறு பொது மடங்கை எனக்குச் சொல்லிக்கொடுத்தது ஒரு சிறுமி. இந்தப் பக்கத்துப் பள்ளி ஒன்றுக்குச் சில ஆண்டுகளுக்கு முன் போயிருந்தேன். வீட்டுக் கணக்கு ஒன்று சொல்லுங்கள் என்று கேட்டேன். பால் கணக்கு, மளிகைக் கணக்கு என்று வந்துகொண்டிருந்தது. நாலாம் வகுப்புப் பெண் ஒருத்தி எழுந்தாள். அப்பாவுக்கு வாரம் மாறி வாரம் ஏ ஷிப்ட், பி ஷிப்ட், சி ஷிப்ட். அம்மாவுக்கு வேறு கம்பெனி, ஏ ஷிப்டும் பி ஷிப்டும் மட்டும். "ஆறு வாரத்துக்கு ரெண்டு வாரம்தான் சார் ரெண்டு பேரும் ஒரே நேரத்துல வீட்டுக்கு வருவாங்க. மிச்ச நாலு வாரம் ஆளுக்கொரு நேரம்தான்" என்றாள். நான் பலகையில் எழுதிப் பார்த்தேன். முதல் வாரம் ஏ, ஏ. இரண்டாம் வாரம் பி, பி. அப்புறம் சி, ஏ. பிறகு ஏ, பி. பிறகு பி, ஏ. ஆறாம் வாரம் சி, பி. ஏழாம் வாரம் மறுபடி ஏ, ஏ. மூன்றுக்கும் இரண்டுக்கும் மீச்சிறு பொது மடங்கு ஆறு. யாரும் அவளுக்குச் சொல்லித்தரவில்லை. காலண்டரில் அந்த ரெண்டு வாரத்துக்கும் பூப்படம் ஒட்டி வைத்திருக்கிறாளாம். அன்றைக்கு நான் கொண்டுபோயிருந்த பாட்டு எதையும் பாடவில்லை.

நேரம் ஆகிவிட்டது, அமைப்பாளர் கடிகாரத்தைப் பார்க்கிறார். வீட்டுக்குப் போகும் வழிக்கு ஓர் ஆட்டம் மட்டும் சொல்லி விடைபெறுகிறேன். எல்லை ஊர்ப் பிள்ளைகளுக்கு வண்டி எண் பார்க்கிற பழக்கம் உண்டு. டிஎன் 70 நம்ம ஓசூர், டிஎன் 24 கிருஷ்ணகிரி, கேஏ 51 எலக்ட்ரானிக் சிட்டி என்று ஜூஜூவாடியில் நின்று எண்ணுவார்கள். கடைசி நாலு இலக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ராமானுஜனைப் பார்க்க ஹார்டி வந்த டாக்சியின் எண்ணையே எடுப்போம், 1729. ஒன்றின் கனமும் பன்னிரண்டின் கனமும் சேர்ந்தாலும் அதுதான், ஒன்பதின் கனமும் பத்தின் கனமும் சேர்ந்தாலும் அதுதான் என்று ராமானுஜன் சொன்ன எண். அந்த இலக்கங்களைப் பெரியதிலிருந்து சிறியதாக அடுக்கினால் 9721, சிறியதிலிருந்து பெரியதாக அடுக்கினால் 1279. கழித்தால் 8442. விடையை மறுபடி அப்படியே அடுக்கிக் கழியுங்கள்: 5994. பிறகு 5355, 1998, 8082, 8532, கடைசியில் 6174. அதற்குப் பிறகு எத்தனை தடவை செய்தாலும் 6174-தான். எந்த வண்டி எண்ணில் தொடங்கினாலும் அதிகபட்சம் ஏழு தடவைக்குள் அங்கே போய் விழுந்துவிடும். 1729-க்கு முழுசாக ஏழும் தேவைப்பட்டது பாருங்கள். இதை 1949-இல் கண்டுபிடித்தவர் மகாராஷ்டிரத்தில் தேவ்லாலியில் பள்ளிக்கூட வாத்தியாராக இருந்த காப்ரேகர். நம்ம ஜாதி.

பஸ்ஸில் போகிறவர்கள் முன்னால் போகும் லாரியின் எண்ணை எடுங்கள். பைக்கில் போகிறவர்கள் தயவுசெய்து வீட்டுக்குப் போன பிறகு செய்யுங்கள். ஒரே ஒரு எச்சரிக்கை. ஆர்டிஓ அலுவலகத்தில் தனியாகப் பணம் கட்டி 7777 வாங்கியவர் யாராவது இங்கே இருந்தால், அவர் இந்த ஆட்டத்துக்கு வர முடியாது. அவருக்கு முதல் கழித்தலிலேயே பூஜ்யம்.